அந்த முகவரியில் யாரும் இல்லை

கண் ஆஸ்பத்திரிக்காகத் தஞ்சாவூர் போய்விட்டுச் சாயங்காலம் வீடு திரும்பியபோது மண்டபத்தின் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பசை இன்னும் ஈரமாக இருந்தது. கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. மேலே அரசாங்க முத்திரை இருப்பது மட்டும் புரிந்தது. பிய்த்தால் கிழிந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்தேன். மறுநாள் காலையில்தான் படிக்க முடிந்தது.

எங்கள் குடும்ப டிரஸ்டின் ஜிஎஸ்டி பதிவைப் பற்றிய நோட்டீஸ் அது. அதிகாரி நேரில் வந்து பார்த்தபோது கட்டடம் பூட்டியிருந்தது, அந்த முகவரியில் யாரும் இல்லை, ஆகவே பதிவு நிறுத்தி வைக்கப்படுகிறது, முப்பது நாளுக்குள் இணையதளத்தில் பதில் தராவிட்டால் ரத்தாகும் என்று எழுதியிருந்தது.

மண்டபத்தின் பின்சுவர்தான் என் சமையலறைக்கு முன்சுவர். மின்வாரிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து அந்தச் சமையலறையை விட்டு நான் அதிகமாக எங்கும் போனதில்லை. போன ஒரே ஒரு நாளில் வந்து பார்த்துவிட்டு யாரும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. சரியாகத்தானே எழுதியிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

திருவாரூருக்கு மேற்கே, நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது அந்த மண்டபம். அப்பா கட்டியது. ஆவணி மாதத்தில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் திருச்சியிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். காவி வேட்டி, காவிச் சேலை, தள்ளுவண்டியில் மாதா சுரூபம். ஒரு வருஷம் அடைமழையில் வாய்க்கால் மதகின் மேல் கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததை அப்பா பார்த்தார். அடுத்த வருஷமே சாலையோரம் இருந்த எங்கள் களத்தில் கடைக்கால் தோண்டிவிட்டார். நூற்றைம்பது பேர் படுக்கலாம். வரிசையாகக் குழாய்கள், கழிப்பறைகள். மற்ற மாதங்களில் காதுகுத்து, வளைகாப்பு என்று சுற்றுவட்டார ஊர்க்காரர்களுக்குக் கொடுப்போம். இதற்காக அவர் பதிவு செய்ததுதான் டிரஸ்ட். அவர், அண்ணன், நான் மூவரும் அறங்காவலர்கள். அப்பா முதலில் போனார். நோட்டீஸ் வருவதற்கு ஒன்றரை வருஷம் முன்பு, ஒரு கார்த்திகையில், அண்ணன் போனார்.

ஜிஎஸ்டி எல்லாம் அண்ணன் காலத்தில் வந்தது. ஒரு விதைக் கம்பெனி முன்னறையைக் கிடங்குக்கு எடுத்தபோது அந்த நம்பர் வேண்டும் என்று கேட்டார்கள். கம்பெனி இரண்டே வருஷத்தில் காலி செய்துகொண்டு போய்விட்டது, நம்பர் எங்களோடு நின்றுவிட்டது. வியாபாரம் ஒன்றும் இல்லாவிட்டாலும், ஒன்றும் இல்லை என்று தவணை தவறாமல் தெரிவிக்க வேண்டுமாம். அண்ணன் தெரிவித்துக்கொண்டே இருந்தார். அவர் போன பிறகு யாரும் தெரிவிக்கவில்லை. அவர் மனைவி இறந்து, மகள் கல்யாணமாகி வெளிநாட்டுக்குப் போன பிறகு அவருக்கு மண்டபம்தான் எல்லாம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆகாமல் போனதற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. வீட்டின் இரண்டு பக்கத்தில் ஆளுக்கொரு அறையில் இருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொள்வோம்.

நோட்டீஸைப் பற்றி அண்ணன் மகளிடம் போனில் சொன்னேன். நல்ல பெண்தான், வாரம் ஒரு தடவை கூப்பிடுவாள். ரத்தானால் ஆகட்டுமே அத்தை, இனிமே அது யாருக்கு என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை, உண்மையாகவே கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன்.

ஏனென்றால் அதற்கு முந்தின ஆவணியில், அண்ணன் இல்லாத முதல் ஆவணியில், மண்டபத்துக்கு யாரும் வரவில்லை. நான் குழாய்களைச் சரிபார்த்து, பாய்களை வெயிலில் உலர்த்தி, இரண்டு மூட்டை அரிசி இறக்கி வைத்திருந்தேன். கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டங்கள் பாட்டுப் போட்டுக்கொண்டு சாலையில் போயின. எனக்கு முகம் தெரிந்தவர்கள்கூடச் சிலர் இருந்தார்கள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நேரே நடந்தார்கள். இன்னும் மூன்று மைல் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கினார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மழைக்கு ஒதுங்கிய மூன்று பேர் மட்டும் ஒரு மணி நேரம் இருந்தார்கள். அவர்கள் அண்ணனுக்காக வந்துகொண்டிருந்தார்கள், எனக்காக எதற்கு வரவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாதா திருநாள் முடிந்ததும் அரிசியைத் திருவாரூரில் ஓர் அநாதை இல்லத்துக்கு அனுப்பினேன். காதுகுத்து, வளைகாப்பு என்றும் அதன் பிறகு யாரும் கேட்டு வரவில்லை.

இருந்தாலும் பதிலே சொல்லாமல் விட மனம் வரவில்லை. மூன்றாம் நாள் தஞ்சாவூருக்குப் பஸ் ஏறினேன். கீழவீதிப் பக்கம் ஒரு பெண் ஆடிட்டர் இருந்தார். என் வயதில் பாதிதான் இருக்கும். டிரஸ்ட் பத்திரத்தை முழுக்கப் படித்தார். அறங்காவலர்களில் ஒருவரே மிஞ்சினால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அப்பா அதிலேயே பதில் எழுதி வைத்திருந்தார். 'எஞ்சியிருப்பவர் தனித்து நடத்திவரலாம்.' ஆடிட்டர் அந்த வரிக்கு நேரே பென்சிலால் கோடு போட்டு, "இது போதும்மா, நீங்களே பதில் போடலாம்" என்றார். எஞ்சியிருப்பவர் என்ற அந்தச் சொல்லை எழுதும்போது அப்பா எங்கள் இரண்டு பேரில் யாரை நினைத்திருப்பார் என்று பஸ்ஸில் திரும்பும்போது யோசித்துக்கொண்டே வந்தேன்.

சிக்கல் வேறு இடத்தில் இருந்தது, அது ஆடிட்டர் அறையிலேயே தெரிந்துவிட்டது. இணையதளத்துக்குள் நுழைய அண்ணன் எழுதி வைத்திருந்த கடவுச்சொல் வேலை செய்யவில்லை. புதிது வாங்க வேண்டுமானால் பதிவான கைபேசிக்கு ஓடிபி வரும். பதிவாகியிருந்தது அண்ணனுடைய நம்பர்.

"அந்த சிம் உங்ககிட்ட இருக்குல்லம்மா?" என்று ஆடிட்டர் கேட்டார்.

சிம் இருந்தது, நம்பர் இல்லை. அண்ணன் போன பிறகு இரண்டு மாதம் நான்தான் அதற்கு ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். சாயங்காலம் ஜெபமாலை சொல்லி முடித்ததும் என் போனிலிருந்து அந்த நம்பரைக் கூப்பிடுவேன். அவருடைய அறையில் அலமாரிக்குள் போன் ஒலிக்கும். அந்தப் பக்கம் ஏதோ ஒரு சத்தம் வருமே, அதற்காக. மூன்றாவது மாதம் ரீசார்ஜ் கடைக்காரர், பேச ஆளில்லாத நம்பருக்கு எதுக்கும்மா வீணா என்றார். அவர் சொன்னது நியாயமாகப்பட்டது. விட்டுவிட்டேன். அதன் பிறகு கூப்பிட்டால் இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பதிவுக் குரல் சொல்லும். அதையும் கேட்டுக்கொண்டிருந்தேன். சில மாதம் கழித்து ஒரு நாள் திடீரென்று மணி அடித்தது. ஒரு பெண் ஹலோ என்றாள். பதறிப்போய் வைத்துவிட்டேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். கை பழகிவிட்டது. அவ்வப்போது கூப்பிட்டு, மணி அடித்ததும் வைத்துவிடுவேன்.

இவ்வளவையும் ஆடிட்டரிடம் சொல்லவில்லை. நம்பர் வேறு யாருக்கோ போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். வரி அலுவலகத்தில் இறப்புச் சான்றிதழோடு மனுக் கொடுத்து நம்பரை மாற்றலாம், ஆனால் முப்பது நாளுக்குள் நடக்குமா என்று சொல்ல முடியாது என்றார். எதற்கும் மனுவைக் கொடுத்துவிட்டு, அந்த நம்பர்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள் என்றார்.

திருவாரூர் அலுவலகத்தில் மனுவைக் கொடுத்தேன். மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்து அந்த நம்பருக்குப் போன் செய்தேன். முதல் முறையாக வைக்காமல் காத்திருந்தேன். அதே பெண் குரல். விஷயத்தைச் சொல்லி, உங்கள் போனுக்கு ஒரு ஆறு இலக்க எண் வரும், அதைச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். கேட்கும்போதே என் காதுக்கே அது திருட்டுப் பேச்சாகப் பட்டது.

"ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு டிவியிலயே சொல்றாங்க. எனக்குத் தெரியாதா?" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அவள் மேல் தப்பில்லை. ஒரு வாரம் சும்மா இருந்தேன். கதவில் ஒட்டியிருந்த தாள் வெயிலில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. எட்டாம் நாள் அவளே கூப்பிட்டாள்.

"சாயங்காலத்துல மிஸ்டு கால் குடுத்துட்டு வச்சுடுவீங்களே, அது நீங்கதானா?"

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது.

"பொம்பள நம்பர்னு தெரிஞ்சுக்கிட்டு யாரோ வம்பு பண்றாங்கன்னு நெனச்சிருந்தேன். அன்னிக்கு நீங்க பேசினப்போ பார்த்தா அதே நம்பர். ஏங்க்கா அப்படிக் கூப்பிட்டீங்க?"

சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத ஒருத்தியிடம் சொன்னேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது நின்றது. பிறகு, நேரில் வந்தால் தருகிறேன், போனில் மட்டும் சொல்லமாட்டேன் என்றாள். ஊர் தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் என்றாள்.

நாகப்பட்டினம் போய், காரைக்கால் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறி, பகல் பதினொரு மணிக்கு இறங்கினேன். பள்ளிவாசல் தெருவில் சின்னத் தையல் கடை. பலகையில் அண்ணனுடைய நம்பர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. பத்து எண்களையும் நின்று படித்துவிட்டுத்தான் உள்ளே போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும் அவளுக்கு. கணவர் துபாயில் இருக்கிறார், இவள் பிளவுஸ் தைக்கிறாள். துணிப்பையிலும் அதே நம்பரை அச்சடித்திருந்தாள். மறந்தும் அந்த நம்பரைத் திருப்பிக் கேட்டுவிடாதீர்கள் என்பதுபோல என்னைப் பார்த்தாள். கேட்கும் எண்ணம் எனக்கும் இல்லை.

இறப்புச் சான்றிதழ், டிரஸ்ட் பத்திரம், என் ஆதார் எல்லாவற்றையும் வெட்டு மேஜை மேல் பரப்பினேன். அவள் ஒன்றையும் எடுத்துப் படிக்கவில்லை.

"திருடியா இருந்தா இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வரமாட்டீங்க. உக்காருங்கக்கா" என்று நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்தாள்.

ஆடிட்டருக்குப் போன் போட்டேன். அவர் அங்கே ஏதோ அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் அவள் போன் சிணுங்கியது. எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். நான் அதைத் திருப்பிச் சொன்னேன். உள்ளே போயாச்சு என்றார் ஆடிட்டர். நம்பரையும் மாற்றிவிடலாம், இன்னொரு ஓடிபி வரும், கொஞ்சம் இருங்கள் என்றார். காத்திருந்தபோதுதான் அவள் அதைச் சொன்னாள்.

"உங்க அண்ணனுக்கு ரொம்பப் பேரைத் தெரியும் போலக்கா. போன வருஷம் நான் இந்த சிம் வாங்கின புதுசுல ஒரே போனு. நடந்து வர்றோம், நாப்பது பேரு, இடம் இருக்கான்னு கேப்பாங்க. நான் ராங் நம்பர்னு சொல்லி வச்சுடுவேன். ஒருத்தர் ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாரு. கடைசில, மண்டபத்தை மூடிட்டாங்க போலிருக்குன்னு அவரே சொல்லிட்டு வச்சாரு."

எனக்குச் சட்டென்று ஒன்றும் புரியவில்லை. புரிந்தபோது அவள் கொடுத்திருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். கேட்டருகே நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருந்த அந்த நாட்களில் அவர்கள் கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் யாரும் வராமல் போனதும் இதனால்தான். ரீசார்ஜ் எதற்கு என்று கடைக்காரர் கேட்டபோது நான் தலையாட்டிய அந்த ஒரு நிமிஷத்தில் மண்டபம் மூடிவிட்டது. அவர்கள் என்னை ஒதுக்கவில்லை. நான்தான் கதவைச் சாத்திவிட்டு, யாரும் வரவில்லையே என்று உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

என் முகம் மாறியதைப் பார்த்து அவள், தப்பா ஏதும் சொல்லிட்டேனாக்கா என்றாள். இல்லம்மா, நீ சொன்னதுதான் நல்லது என்றேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது. அதற்குள் இரண்டாவது ஓடிபி வந்தது. கிளம்பும்போது என் நம்பரை அளவு எழுதும் நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டாள். இனி யாராவது கூப்பிட்டால் ராங் நம்பர் என்று சொல்லமாட்டேன், உங்கள் நம்பரைத் தருகிறேன் என்றாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பொய் சொன்னேன். அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டு வெகுநாளாகிவிட்டது. எப்படி உட்காருவது என்பதே மறந்துபோயிருந்தது.

ஆடிட்டர், விட்டுப்போன தவணைகளுக்கும் சேர்த்துத் தெரிவித்துவிட்டு, பதிலைப் பதிவேற்றினார். மறுபடி நேரில் பார்க்க ஓர் அதிகாரி வந்தார். தாளை ஒட்டியவரும் அவர்தானாம். இளவயது, சேலம் பக்கத்துப் பேச்சு. அன்றைக்கு நாலு தடவை கதவைத் தட்டினேன், பின்னால் வீடு இருப்பது தெரியவில்லை என்று வருத்தப்பட்டார். பெயர்ப்பலகையோடு என்னைச் சேர்த்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா, டிரஸ்ட் பேரு மறையுது." தள்ளி நின்றேன். படத்தில் இடமும் நேரமும் பதிவாகும் என்று காட்டினார். இங்கே வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். காப்பி கொடுத்தேன், மறுக்காமல் குடித்தார். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவும்போதுதான், அந்த வீட்டில் இரண்டாவது டம்ளர் நனைந்து எத்தனை மாதமாயிற்று என்று நினைத்துப் பார்த்தேன்.

பத்து நாள் கழித்து ஆடிட்டர் கூப்பிட்டு, ஆக்டிவ் என்று காட்டுகிறது அம்மா என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஓடிப்போய் யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. அண்ணன் மகளுக்குச் செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. கதவிலிருந்த தாளைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துச் சுரண்டி எடுத்தேன். அதற்கே ஒரு மத்தியானம் ஆயிற்று.

அந்த ஆவணியில் அதிசயம் ஒன்றும் நடந்துவிடவில்லை. முன்பு இருபது கூட்டம் தங்கிய இடத்தில் நாலு கூட்டம் தங்கியது. மற்றவர்கள் அதற்குள் வேறு இடம் பழகிவிட்டார்கள். தையல்காரி மூன்று பேரை என்னிடம் திருப்பிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அவளே கூப்பிட்டு, வந்துட்டாங்களாக்கா என்று விசாரித்தாள். குறுவை அறுத்த வயல்களின் ஈர வைக்கோல் வாசனையோடு அவர்கள் வந்தார்கள், கால் கழுவினார்கள், சாப்பிட்டார்கள், விடிந்ததும் போனார்கள்.

கடைசியாக வந்த கூட்டம் மணப்பாறைப் பக்கத்தது. தலைவர் அறுபது தாண்டியவர், இருபது வருஷமாக நடப்பவர். போன வருஷம் திரும்பத் திரும்பக் கூப்பிட்டது அவர்தான். அண்ணன் எங்கே என்று கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. சொன்னதும் அங்கேயே, குழாயடிக் கட்டையில் உட்கார்ந்துவிட்டார். அன்று இரவு ஜெபத்தில் அண்ணன் பெயரைச் சொன்னார். மண்டபத்துக்குள் அந்தப் பெயரை இன்னொருவர் குரலில் கேட்டு இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

காலையில் கிளம்பும்போது, இனிமேல் யாரைக் கூப்பிடுவது என்று கேட்டார். என் நம்பரைச் சொன்னேன். போனைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார்.

"பேரை மாத்தலம்மா. அவர் பேர்லயே இருக்கட்டும், நம்பரை மட்டும் மாத்திக்கிறேன்" என்றார்.

இருக்கட்டும் என்றேன். தள்ளுவண்டி கேட்டைத் தாண்டியதும் ஒலிபெருக்கியைப் போட்டார்கள். திருவாரூர்ப் பக்கம் திரும்பும் வளைவு வரைக்கும் பாட்டுக் கேட்டது. பிறகு நான் உள்ளே போய்ப் பாய்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். அறுபத்திரண்டு பாய்கள், எல்லாவற்றையும் நானேதான் சுருட்ட வேண்டும்.